வடத்தைப் புடிச்சிருக்க கை யாருது

போன மார்கழியில பிள்ளையார் நோன்பன்னிக்கு ராத்திரி இழை எடுத்துக்க எல்லாரும் பட்டாலையில வரிசையா உக்காந்திருந்தோம். என் மகன் பக்கத்துல வந்து மெதுவாக் கேக்குறான், "அம்மா, உங்களுக்குத்தான் சாமி நம்பிக்கை இல்லையே, அப்புறம் எதுக்கு இழை எடுத்துக்கிறீங்க?" பதினாறு வயசுப் பய. நான் "உங்க அப்பத்தா மனசு சங்கடப்படும்டா"ன்னு சொல்லி சமாளிச்சேன், ஆனா அது பாதி பதில்தான்னு எனக்கே தெரியும். மீதியை ஒரு வருசமா மனசுக்குள்ள எழுதிக்கிட்டே இருந்தேன், இன்னிக்கு டைப் பண்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

எங்க நகரத்தார் ஆளுங்க, அதாவது காரைக்குடிப் பக்கத்துச் செட்டியாருங்க, இல்லாதவங்களுக்காகச் சொல்றேன். திருக்கார்த்திகையிலேருந்து 21 நாள் எண்ணி நாங்க கும்பிடுற நோன்பு இது. 21 இழை நூலைச் சேத்துத் திரியாக்கி, மாவுல பிள்ளையார் புடிச்சு, அதுல வச்சு ஏத்தி, எரியிற சுடரோட அப்படியே வாயில போட்டுக்கணும். வீட்டுல மூத்தவங்க எடுத்துக் கொடுப்பாங்க. சின்ன வயசுல நாக்கு சுட்டுருமோன்னு நடுங்கிக்கிட்டே வாயைத் திறப்பேன், அப்பத்தா கை என் தாடையைப் புடிச்சிருக்கும், நெய் வாசமும் மாவு இனிப்பும் சேந்து உள்ள போகும், சுட்டதே இல்ல. அந்த ராத்திரிகூட எனக்கு ஒரு சண்டையும் இல்ல. நம்பிக்கை எப்பவோ போயிருச்சு, அந்தக் கை ஞாபகம் போகல, அதுக்காகத்தான் வாயைத் திறக்குறேன்.

என் சண்டையெல்லாம் கோயில் ஏட்டோட.

எங்க நகரத்தாருக்குள்ள 9 நகரக் கோயில் இருக்குங்கறது எல்லாருக்கும் தெரியும், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. கல்யாணம்னா கோயில்லேருந்து மாலை வரணும், பேரைக் கோயில்ல பதியணும், புருசனும் பொஞ்சாதியும் சேந்து ஒரு புள்ளி. ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா அரைப்புள்ளி. புள்ளிக்கு இவ்வளவுன்னு வரி. வெளியிலேருந்து பாக்குறவங்க என்ன ஒரு கட்டுக்கோப்புன்னு ஆச்சரியப்படுவாங்க, கட்டுக்கோப்புதான், நானும் இல்லைன்னு சொல்லல, அரசாங்கத்துல கல்யாணப் பதிவுன்னு ஒன்னு வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடியே எங்களுக்கு அது இருந்திருக்கு. ஆனா அரசாங்கப் பதிவுக்கும் கோயில் பதிவுக்கும் ஒரு வித்தியாசம். அரசாங்க ஆபீஸ்ல உன்னை ஏத்துக்கலைன்னா நீ கோர்ட்டுக்குப் போகலாம். கோயில் ஏட்டுல பேரு இல்லைன்னா யார்கிட்ட போறது?

என் சித்தப்பா மகன் வேற சாதிப் பொண்ணை 1954 தனித் திருமணச் சட்டப்படி பதிவு பண்ணிக்கிட்டான், ஒரு மாசம் நோட்டீஸ் ஒட்டி வச்சு, அந்த ஒரு மாசமும் எந்தப் பக்கத்துலேருந்து யாரு வந்து நிப்பாங்களோன்னு பயந்துக்கிட்டு. கோயில் மாலை கிடையாது, புள்ளி கிடையாது. அடுத்த வருசம் வரி கேட்டு எல்லாருக்கும் வந்துச்சு, அவனுக்கு வரல. சித்தப்பா பணத்தை எடுத்துக்கிட்டு நேராப் போயி "என் மகன் வரியை நான் கட்டுறேன்"னு சொல்லியிருக்காரு. வாங்க மாட்டோம்னுட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்களாம், உக்கார வச்சு காப்பி எல்லாம் கொடுத்து. அவரு திரும்பி வந்து முகப்புல உக்காந்துக்கிட்டு அந்தப் பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கிட்டே இருந்ததை நான் பாத்தேன். வரி வேண்டாம்னு சொல்றதுகூட ஒரு தண்டனையா இருக்க முடியும்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

மதமும் அரசியலும்னா நாம உடனே டெல்லியையும் டிவி விவாதத்தையும் நினைக்கிறோம். எனக்கு அது முகப்புல உக்காந்து எண்ணுன பணம்.

அதுக்கு முந்தின கதை இன்னொன்னு. அப்பத்தா கூடப் பொறந்த தங்கச்சி, நாங்க சின்ன அப்பத்தான்னு கூப்பிடுவோம். பதினொரு வயசுல கல்யாணம், புருசன் பர்மாவுல காய்ச்சல்ல போனப்ப அவங்களுக்குப் பதினாறு. பொண்ணுக்கு 14 வயசு ஆகணும்னு 1929லயே சாரதா சட்டம் போட்டாச்சு, இவங்க கல்யாணம் அதுக்கு அப்புறம்தான். சட்டம் தெரியாம இல்ல, பெரியவங்க எல்லாம் நல்லா படிச்சு பேப்பர் பாக்குறவங்கதான், "இது நம்ம சாஸ்திரம், வெள்ளைக்காரன் யாரு இதுல கை வைக்க"ன்னு சொல்லி நடத்திட்டாங்க. அந்த வாக்கியத்தை இப்பவும் வேற வேற விசயத்துக்கு கேக்குறேன், வெள்ளைக்காரனுக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுக்குவாங்க, அவ்வளவுதான்.

சின்ன அப்பத்தா எண்பத்து மூணு வயசு வரைக்கும் இருந்தாங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பலகாரம் அவங்க கைதான், மாவுருண்டை, மனகோலம், தேன்குழல், சீப்புச்சீடை, பத்து நாளைக்கு முந்தியே ரெண்டாங்கட்டுல உக்காந்துருவாங்க. தாலி கட்டுற நேரத்துக்கு மட்டும் எங்க இருப்பாங்கன்னே தெரியாது. என் கல்யாணத்தன்னிக்கு நான் போயி கூப்பிட்டேன். "வேண்டாத்தா, உனக்கு நல்லது நடக்கணும்"னாங்க. அறுபது வருசமா தன்னோட நிழல் பட்டா அடுத்தவங்களுக்குக் கெடுதல்னு ஒரு மனுசி நம்பிக்கிட்டு இருந்திருக்காங்க, யாரும் அவங்களை அடிக்கல, திட்டல, எல்லாரும் பிரியமாத்தான் இருந்தாங்க. அந்தப் பிரியத்தை நினைச்சாலே எனக்கு இப்பவும் ஆத்திரமா வருது.

இதுல இன்னொரு விசயம் எனக்கு ரொம்ப முக்கியம். அதே காலத்துல அதே காரைக்குடியில மாற்று இருந்துச்சு. சொ. முருகப்பாவும் ராய. சொக்கலிங்கமும் 1917ல இந்து மதாபிமான சங்கம் ஆரம்பிச்சாங்க, பேரைப் பாத்து ஏமாறக் கூடாது, அங்க படிப்பகம், கூட்டம், சீர்திருத்தப் பேச்சுன்னு நடந்திருக்கு. 1919 நவம்பர்ல பாரதி இங்க வந்தப்போ அந்தச் சங்கத்தைப் பத்தி பாட்டே எழுதிக் கொடுத்தாரு, கையில கம்போட நிக்கிற அந்தப் படம் எடுத்ததும் இதே ஊர்லதான். அப்புறம் முருகப்பா சுயமரியாதைப் பக்கம் போனாரு. 1930கள்ல 'மாதர் மறுமணம்'னு ஒரு பத்திரிகையே காரைக்குடியிலேருந்து வந்துச்சு, ஆசிரியர் அவரு மனைவி மரகதவல்லி. கைம்பெண்ணுக்கு மறுபடி கல்யாணம் பண்ணி வைக்கணும்னு சொல்றதுக்காகவே ஒரு பத்திரிகை! எங்க வீட்டுலேருந்து சைக்கிள்ல போற தூரத்துல அது அச்சாயிருக்கு, சின்ன அப்பத்தா ரெண்டாங்கட்டுல உக்காந்து மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்திருக்காங்க. "அந்தக் காலம் அப்படி"ன்னு யாராவது சொன்னா இப்ப நான் ஒத்துக்கிறதே இல்ல. அந்தக் காலத்துல ரெண்டும் இருந்துச்சு, நம்ம வீட்டுப் பெரியவங்க ஒன்னைத் தேர்ந்தெடுத்தாங்க.

பர்மா பத்தியும் சொல்லணும், ஏன்னா எங்க ஐயா சொன்னதுல பாதிக் கதை அங்கதான். அங்க எங்க ஆளுங்க கடன் கொடுத்து வட்டி வாங்குற தொழில் பண்ணுனாங்க. கிட்டங்கியில, அதாவது கடையும் தங்குற இடமுமா இருந்த கட்டடத்துல, சாமி பேருக்கு ஒரு கணக்கு இருக்கும், வர்ற லாபத்துல மகமைன்னு எடுத்து வச்சு அதுல சேப்பாங்க, தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டாம எங்க ஆளுங்க எந்த ஊர்லயும் கடை போட்டதில்ல. அந்த மகமைக் காசுலதான் இங்க எத்தனையோ பாடல் பெற்ற ஸ்தலத்துக்குத் திருப்பணி நடந்துச்சு, சத்திரம், வேத பாடசாலை, பசுமடம். ஐயா இதைப் பெருமையாச் சொல்வாரு, நானும் பெருமையாக் கேட்டு வளந்தேன். காலேஜ் படிக்கிறப்பதான் மறுபக்கம் தெரிஞ்சுது. கீழ் பர்மாவுல நெல் விளையிற முக்கியமான 13 ஜில்லாவுல 1930ல 100 ஏக்கருக்கு 6 ஏக்கர் செட்டியார்கள் கையில இருந்துச்சு, 1937ல அது 25 ஆயிருச்சு. நெல் விலை விழுந்துச்சு, கடன் கட்ட முடியல, அடமானம் வச்ச நிலம் கைமாறிருச்சு. யாரும் துப்பாக்கி காட்டிப் புடுங்கல, எல்லாம் பத்திரப்படிதான், ஆனா நிலம் போன குடியானவனுக்குப் பத்திரப்படி போனா வலிக்காதா? சாமி கணக்குல அந்த நிலத்தோட காசும் சேந்துதானே இருந்திருக்கும்.

1938ல ரங்கூன்ல கலவரம். புத்தரை இழிவு பண்ணி ஒரு முஸ்லிம் எழுதுன புத்தகம்னு சொல்லி ஷ்வேடகன் பகோடாவுல கூட்டம் போட்டு, அங்கேருந்து கிளம்பி அடிச்சாங்க, அதிகமா அடிபட்டது முஸ்லிம்கள், கூட மத்த இந்தியர்களும். நிலம் போன கோபம், வேலை இல்லாத கோபம், வெள்ளைக்காரன் மேல இருந்த கோபம் எல்லாம் எங்கயோ சேந்து கிடந்துச்சு, மதம் அதுக்கு ஒரு முகத்தைக் காட்டி விட்டுச்சு. கடன் கொடுத்தது யாரு, அடி வாங்குனது யாருன்னு பாருங்க. தெருவுல வண்டி இழுத்தவனும் டீக்கடை வச்சவனும் செத்தான். அப்புறம் 1961ல பர்மா பிரதமர் ஊ நூ பௌத்தத்தை அரசு மதமா ஆக்குனாரு, அடுத்த வருசமே ராணுவம் ஆட்சியைப் புடிச்சுருச்சு, 60கள்ல லட்சக்கணக்கான இந்தியர்கள் கட்டுன துணியோட கப்பல் ஏறுனாங்க, அப்படி வந்தவங்களாலதான் இன்னிக்கும் காரைக்குடியில பர்மா காலனின்னு ஒரு இடம் இருக்கு. அதே நாட்டுல 2017ல ஏழு லட்சத்துக்கு மேல ரோஹிங்யா மக்கள் பங்களாதேசுக்கு ஓடுனாங்க. எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல அவங்களைப் பத்தி ஒருத்தர் கேவலமா ஒரு மெசேஜ் போட்டாரு. அவரு அப்பா 1942ல ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து அரக்கான் வழியா நடந்தே வந்தவரு. நான் அதை மட்டும் ஞாபகப்படுத்தி ஒரு வரி எழுதினேன். அவரு பதில் போடல, மெசேஜை அழிச்சுட்டாரு.

மதம்னாலே இப்படித்தான்னு சொல்ல வரல நான். குன்றக்குடி அடிகளார் எங்க கண்ணு முன்னால வாழ்ந்தவரு. ஆதீனத்துத் தலைவரு, காவி, ருத்ராட்சம் எல்லாம் உண்டு, பெரியாரோட கடைசி வரைக்கும் நட்பு. பெரியார் மடத்துக்கு வந்தப்போ திருநீறு கொடுத்தாங்க, மறுக்காம நெத்தியில வாங்கிக்கிட்டாருன்னு எங்க பக்கம் எல்லாரும் சொல்வாங்க. 1982ல மண்டைக்காட்டுல இந்துவும் கிறிஸ்தவரும் வெட்டிக்கிட்டப்போ அடிகளார் நேரா அங்க போயி, மீனவர் குப்பத்துக்குள்ள நடந்து, ரெண்டு பக்கத்தையும் உக்கார வச்சுப் பேசுனாரு. குன்றக்குடி கிராமத்துல மடத்தைச் சுத்தி தொழில் கொண்டாந்தாரு. அந்தப் பக்கம் பாத்தா அழகப்பா செட்டியார், 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டாந்தாரு, 48 வயசு முடியறதுக்குள்ள போயிட்டாரு. கோபுரத்துக்குப் போற காசு காலேஜுக்கும் போகலாம்னு எங்க சனங்களுக்குக் காட்டுனவரு அவரு. என் ஆத்தா படிச்சதும் நான் படிச்சதும் அந்த மண்ணுல நின்ன கட்டடத்துலதான், அதனால இதைச் சொல்றப்ப எனக்கு நெஞ்சு நிறையும், சொல்லாமப் போக முடியாது.

இந்த எண்ணங்களையெல்லாம் வச்சுக்கிட்டு நான் பெரிய மனிதநேயவாதின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு தங்கச்சி ஒரு நாள் ஒரே வார்த்தையில என்னை நிறுத்துனா. தேவகோட்டை பக்கத்து ஊரு, காலனியிலேருந்து படிச்சு வந்த பொண்ணு. மத்தியானம் சாப்பிடுறப்போ நான் வழக்கம்போல "கோயிலும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம், இதெல்லாம் இல்லாமலே மனுசன் நல்லா இருக்கலாம்"னு பேசிக்கிட்டு இருந்தேன். அவ டிபன் பாக்ஸை மூடி வச்சுட்டு, "அக்கா, கோயில் வேண்டாம்னு நீங்க சொல்லிரலாம், உங்களுக்கு அங்க எடம் இருந்துச்சு. எங்கப்பாவுக்கு வேணும்கா, அவரு இன்னும் தேர் வடத்தையே தொட்டதில்லை"ன்னா.

அவ சொன்னது கண்டதேவி. கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில், சிவகங்கை தேவஸ்தானத்தைச் சேந்தது, ஆனித் திருவிழாவுல தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, இறவுசேரி, தென்னிலைன்னு நாலு நாட்டுக்காரங்க (நாடுன்னா இங்க பல ஊர் சேந்த ஒரு பகுதி) சேந்து வடம் புடிக்கிறது வழக்கம். யாரு எந்த வடம், யாருக்கு முதல் மரியாதைங்கறதுல அந்தப் பகுதியோட மொத்த அதிகாரமும் அடங்கியிருக்கு. 90கள் கடைசியில நாங்களும் வடம் புடிக்கணும்னு தலித் மக்கள் கேட்டாங்க. கோர்ட்டும் சரின்னுச்சு. தேர் நின்னுச்சு. சாமி தெருவுக்கு வரலைன்னாலும் பரவால்ல, இவன் தொடக் கூடாதுன்னு ஒரு ஊரு வருசக்கணக்கா இருக்க முடியும்னா, அங்க கும்பிடுறது எதைன்னு கேக்கணும்ல? நடுவுல ஓடுன வருசங்கள்லயும் பேருக்குக் கொஞ்சப் பேரைப் போலீஸ் கூட்டிட்டுப் போயி தொட வச்சுட்டுக் கூட்டிட்டு வந்துச்சு. 2006க்கு அப்புறம் ரொம்ப வருசம் ஓடவே இல்ல.

இது திடீர்னு வந்த பகையும் இல்ல. 1930 டிசம்பர்ல இதே பழைய ராமநாதபுரம் ஜில்லாவுல ஆதிதிராவிட மக்களுக்கு 8 தடை போட்டாங்க, அடுத்த வருசம் அது 11 ஆச்சு, 1931 சென்சஸ் கமிஷனரா இருந்த ஹட்டன் அதை அப்படியே பதிஞ்சு வச்சிருக்காரு. தங்கம் வெள்ளி போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழ வேட்டி இறங்கக் கூடாது, சட்டை கூடாது, கிராப்பு கூடாது, வீட்டுல மண் சட்டியைத் தவிர வேற பாத்திரம் கூடாது, பொம்பளைங்க ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குடை புடிக்கக் கூடாது, செருப்பு கூடாது. மீறுனவங்க குடிசையை எரிச்சாங்க. நாங்க பெல்ஜியம் கண்ணாடியும் பர்மா தேக்கும் இறக்கி வீட்டை முடிச்சுக்கிட்டு இருந்த அதே வருசங்கள், அதே பக்கம். 1979ல உஞ்சனையில ஐயனார் கோயில் புரவி எடுப்புல (மண் குதிரை எடுக்குற திருவிழா) வந்த தகராறுல அஞ்சு தலித்துகளைக் கொன்னாங்க. சின்னப் புள்ளையா நான் இதை எங்க வீட்டுல ஒரு தடவைகூட கேட்டதில்ல. நாங்க கொல்லல, தடையும் போடல, எங்க முகப்புலயும் அவங்க ஏறுனதில்ல.

அரசாங்கம் கோயிலை விட்டு வெளிய போகணும்னு இப்ப பெரிய பேச்சா இருக்கு. அரசாங்கம் சாமி கும்பிடக் கூடாதுங்கறதுல நானும் உறுதியாத்தான் இருக்கேன், மந்திரி பரிவட்டம் கட்டிக்கிட்டு நிக்கிறதைப் பாத்தா எனக்குப் புடிக்காது, ஓட்டுக்காக ஒவ்வொரு மடத்துலயும் போயி குனியிறதும் புடிக்காது. ஆனா அரசியல் சட்டத்துல 25ஆவது பிரிவு கொடுக்குற மத சுதந்திரத்தோட சேந்து தீண்டாமையை ஒழிச்ச 17ஆவது பிரிவும் இருக்கு, அதைக் கோயில் வாசல்ல கழட்டி வச்சுட்டுப் போக முடியாது. 1947 ஆலய நுழைவுச் சட்டம் இல்லாம இங்க எத்தனை கதவு தானாத் திறந்திருக்கும்? 2021ல எல்லா சாதியிலேருந்தும் பயிற்சி எடுத்தவங்களை அர்ச்சகரா போட்டாங்களே, அதுக்கு 1970லேருந்து அரை நூற்றாண்டு கோர்ட்டு வாசல்ல நிக்க வேண்டியிருந்துச்சு. அரசாங்கம் வெளிய போயிட்டா சாவி யார் கைக்கு வரும்னு சொல்லிட்டு அப்புறம் பேசட்டும். எங்க சித்தப்பாகிட்ட பணம் வாங்க மாட்டேன்னவங்க கைக்கா?

2024 பிப்ரவரியில கண்டதேவியில புதுத் தேர் வெள்ளோட்டம் விட்டாங்க, ஜூன்ல தேரோட்டம். ஆயிரக்கணக்குல போலீஸ், பக்கத்து ஊருக்குப் போறவங்களையே நிறுத்தி ஏன் எதுக்குன்னு கேட்டாங்களாம். எல்லா சமூகமும் சேந்து இழுக்கும்னு அதிகாரிங்க பேசி முடிச்சிருந்தாங்க. எனக்குப் போகணும்னு ஆசை, அந்தத் தங்கச்சிதான் வேண்டாம்னா, "நீங்க வேடிக்கை பாக்க வந்த மாதிரி ஆயிரும்கா." சரின்னுட்டேன், அவ சொன்னது நியாயம். சாயங்காலம் அவ வீட்டுக்குப் போனேன். அவ அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிருச்சு, முட்டி வலி, அந்தக் கூட்டத்துல நிக்க முடியாது, வீட்டுலதான் இருந்தாரு. வாசல்ல நார்க்கட்டில்ல என்னை உக்காரச் சொன்னாரு, தான் தரையில உக்காரப் போனாரு, நான் விடல, ரெண்டு பேரும் கட்டில்லயே உக்காந்தோம். நெத்தி நிறைய திருநீறு. காலையில குளிச்சுட்டுக் கோயில் இருக்க திசையைப் பாத்துக் கும்பிட்டுட்டுத்தான் கஞ்சி குடிச்சாராம்.

அவ போன்ல தேரோட்ட வீடியோவை எடுத்துக் காட்டுனா. தேர் அசையுது, சனங்க சத்தம், தூசி, காக்கிச் சட்டை. அவரு கண்ணாடியை மேல தூக்கிவிட்டுக்கிட்டு போன்கிட்ட மூஞ்சியைக் கொண்டு போனாரு.

"வடத்துக்கிட்ட காட்டு."

அவ விரலால பெருசாக்குனா. கை, கை, கையா தெரிஞ்சுச்சு, மூஞ்சி ஒன்னும் தெளிவா இல்ல.

"இது நம்ம புள்ளையா பாரு, இந்த மஞ்சச் சட்டை."

"தெரியலப்பா, மங்கலா இருக்கு."

"முன்னால கொஞ்சம் தள்ளு. இல்ல இல்ல, மொதல்லேருந்து போடு, மெதுவா ஓட்டு."

மொதல்லேருந்து போட்டா. நாங்க மூணு பேரும் குனிஞ்சு ஒவ்வொரு கையாப் பாத்துக்கிட்டே வந்தோம்.